ஏசி காற்று கண்ணாடிக்கே போகிறதா? பழைய பென்ஸ் டீசலில் வேக்கம் கசிவைப் பிடிக்கும் வழி

கம்ப்ரெசர் ஓடுகிறது, கேஸ் இருக்கிறது, புளோயரும் சுற்றுகிறது. ஆனால் டேஷ்போர்டின் நடு வென்டில் கை வைத்தால் ஒன்றுமே வரவில்லை. குளிர்ந்த காற்று மொத்தமும் முன்கண்ணாடியைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது. மெர்சிடிஸ் டபிள்யூ 123 வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இந்தக் கதை தெரிந்திருக்கும். என் வண்டி 1983 ஆம் வருட 300 டி டர்போ டீசல், அமெரிக்காவில் விற்ற மாடல், பட்டன் வைத்த தானியங்கி ஏசி. கீழே உள்ளது அதில் செய்து பார்த்தது.

இந்த வண்டியில் காற்றைத் திருப்பும் ஃபிளாப்களை மோட்டார் நகர்த்துவதில்லை. உள்ளே ரப்பர் டயாஃப்ரம் வைத்த சின்ன பிளாஸ்டிக் பாட்கள், வேக்கத்தால் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) இழுத்து நகர்த்துகின்றன. டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) வேக்கம் கிடைக்காது. அதற்கென எஞ்சின் முன்பக்கம் தனி பம்ப் உண்டு. பிரேக் பூஸ்டர் (பெடலை லேசாக அழுத்த உதவுவது), கியர்பாக்ஸ், கதவுப் பூட்டு, சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்தும் வால்வ், ஏசி ஃபிளாப் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பம்ப்தான். வேக்கம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஃபிளாப்பைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். வியர்த்தாலும் பரவாயில்லை, ரோடு தெரிய வேண்டுமே.

அதனால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஓடினால் கசிவு பெரிது. பானெட்டைத் திறந்து 'ஸ்டாப்' என்று எழுதியிருக்கும் லீவரை அழுத்தினால் நிற்கும். பிரேக் பெடல் கல்லு மாதிரி இருந்தால் ஏசியை மறந்துவிடுங்கள். வண்டியை எடுக்காமல் முதலில் அதைப் பாருங்கள்.

தேவையானவை

கையால் வேக்கம் இழுக்கும், கேஜ் வைத்த ஹேண்ட் பம்ப். மிட்டிவேக் கம்பெனியின் உலோக பம்பை வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் பம்ப் தானே கசியும், அப்புறம் வண்டியில் கசிவா பம்பில் கசிவா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு கைப்பிடி கோல்ஃப் டீ (கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சின்ன முளை). ஹோஸ் வாயை அடைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே வேண்டாம். அடித்துப் பார்த்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று தேடும் முறை பெட்ரோல் எஞ்சினுக்கானது. இங்கே எத்தனை கசிவு இருந்தாலும் ஐடிலிங்கில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சூடான எஞ்சின் மேல் எரியும் திரவத்தை அடித்ததுதான் மிச்சமாகும்.

1. பம்ப் நன்றாக இருக்கிறதா?

பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயில் சின்னச் சின்ன லைன்கள் பிரியும் இடம் தெரியும். அவற்றைக் கழற்றி, ஒரு நிப்பிளில் (லைன் செருகும் சின்ன முனை) கேஜ் மாட்டி, மற்றவற்றை அடைத்துவிட்டு எஞ்சினை ஐடிலில் விடுங்கள். 20 இஞ்சுக்கு (வேக்கத்தைப் பாதரச இஞ்சில் அளப்பார்கள்) மேல் காட்டினால் பம்பும் பூஸ்டரும் தேறிவிட்டன.

(பிற்சேர்க்கை: டென்வரிலிருந்து ஒருவர் தனக்கு 16தான் வருகிறது, பம்ப் போய்விட்டதா என்று கேட்டிருந்தார். போகவில்லை. உயரம் ஆயிரம் அடி கூடக்கூட சுமார் ஒரு இஞ்ச் குறையும். டென்வர் 5,280 அடியில் இருக்கிறது.)

2. எந்தக் கிளை?

எஞ்சினை அணைத்துவிட்டு, கழற்றிய லைன் ஒவ்வொன்றிலும் ஹேண்ட் பம்ப் மாட்டி 15 இஞ்ச் வரை இழுங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் லைனை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள கன்ட்ரோல் வால்வ் வேண்டுமென்றே காற்றை விடும். அங்கே முள் இறங்குவது கோளாறு இல்லை.

எஞ்சினை நிறுத்தும் வால்வுக்குப் போகும் லைனில் எண்ணெய் தெரிந்தால் அந்த வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. எண்ணெய் ரப்பரை ஊறவைத்து மற்ற ஜாயின்டுகளையும் கெடுக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

3. எந்த பாட்?

ஏசி லைன்தான் கசிகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் டேஷ்போர்டைப் பிரிக்கக் கிளம்புகிறார்கள். பொறுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஏசி லைனில் ஹேண்ட் பம்பை மாட்டியபடியே உள்ளே ஒருவரை உட்காரவைத்து பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பாட் நகர்ந்து முடியும் வரை திரும்ப இழுத்து, பிறகு முள்ளைப் பாருங்கள். ஒரு பட்டனில் நின்று, இன்னொன்றில் விழுந்தால், அந்த இரண்டாவது பட்டன் மட்டும் வேலை வாங்கும் பாட்தான் குற்றவாளி. எல்லாப் பட்டனிலும் விழுந்தால் வால்வுகளுக்கு முன்னாலேயே எங்கோ ஓட்டை.

அடுத்து கிளவ் பாக்ஸைக் கழற்றுங்கள். கிளிப்புகளை மெதுவாக நெம்புங்கள். இத்தனை வருஷப் பழைய பிளாஸ்டிக், படக்கென்று உடையும். பின்னால் மின்சார வால்வுகள் வரிசையாக ஒரு தொகுப்பாக இருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய குழாய் ஒரு பாடுக்குப் போகும்.

ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வால்வின் வாயில் பம்பை வைத்து இழுத்தால் வேக்கம் நிற்கவே நிற்காது. உடனே வால்வ் தொகுப்பு முழுக்கப் போய்விட்டது என்று முடிவுகட்டி, விலை பார்த்து, மயங்கி விழுவார்கள். மின்சாரம் வராத நேரத்தில் அந்த வால்வ் பாடை வெளிக்காற்றோடு இணைத்துவிடும். அப்படி இணைத்தால்தானே ஃபிளாப் பழைய இடத்துக்குத் திரும்பும்? ஆகவே அங்கே வேக்கம் நிற்காததுதான் சரி. குழாயை வால்விலிருந்து உருவி, பாட் பக்கம் போகும் முனையில் பம்பை மாட்டுங்கள். நல்ல பாட் என்றால் ஃபிளாப் நகரும் சத்தம் கேட்கும், முள் சில நிமிடங்கள் அசையாது. சில பாட்களுக்கு இரண்டு நிப்பிள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

பெரும்பாலும் கிழிந்திருப்பது நடு வென்ட் பாட்.

4. சரி செய்வது

முள் விழுந்தாலும் பாட்தான் என்று உறுதி செய்யும் முன் ரப்பர் எல்போக்களை (குழாய்களை இணைக்கும் வளைந்த துண்டுகள்) பாருங்கள். நசுக்கினால் வெடிப்பு தெரியும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. சிலிகான் பசை, இன்சுலேஷன் டேப் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நைலான் குழாயை நேராக இழுக்காமல் திருகி எடுங்கள்.

பாட் கிழிந்திருந்தால் டயாஃப்ரம் தனியாகவும் கிடைக்கிறது, முழு பாடும் கிடைக்கிறது. டேஷுக்குள் அவ்வளவு ஆழமாகக் கை விடுவதானால் நான் முழு பாடையே போடுவேன். இப்போது நேரமில்லை என்றால் அந்த ஒரு குழாயில் கோல்ஃப் டீயைச் செருகிவிடுங்கள். நடு வென்ட் திறக்காது, மற்றதெல்லாம் வேலை செய்யும், எஞ்சினும் சாவிக்குக் கட்டுப்படும்.

பிற்சேர்க்கை

ஏசி லைன் சுத்தமாக நிற்கிறது, ஆனால் கதவைப் பூட்டினால் மட்டும் நடு வென்ட் மூடிக்கொள்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கதவுப் பூட்டின் டயாஃப்ரம்தான். பூட்டிய நிலையில் ஒரு பக்கமும் திறந்த நிலையில் இன்னொரு பக்கமும் வேக்கம் தாங்கும், அதனால் ஒரு நிலையில் மட்டும் கசிய முடியும். 2வது படியில் பூட்டு லைனை இரண்டு நிலையிலும் சோதியுங்கள். டிக்கியில் இருக்கும் அதன் வேக்கம் டேங்கும் நிரம்ப வேண்டும், நிறையத் தடவை பம்ப் அடிக்க வேண்டியிருக்கும்.

நடு வென்டில் காற்று வருகிறது, ஆனால் சூடாக வருகிறது என்றால் அது வேக்கம் விஷயமே இல்லை. ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் விடும் மோனோ வால்வைப் பாருங்கள். 1970களின் கடைசியில் வந்த 300 டி வைத்திருப்பவர்களுக்கு 3வது படி பொருந்தாது; அதில் பட்டனுக்கும் பாடுக்கும் நடுவே கூலன்ட் ஓடும் சர்வோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முதல் இரண்டு படிகள் மட்டும் அப்படியே செல்லும்.