நாய்க்கு நீச்சல்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், அவ்வளவுதான். அதனால் நாயின் நீச்சல் சாமான்களுக்கு இங்கே வருடம் முழுக்க வேலை இருக்கும். கடையில் கண்ணாடி, தொப்பி, காலணி என்று அடுக்கியிருப்பார்கள். எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் லைஃப் ஜாக்கெட்.

நாய் என்றாலே நீந்தும் என்று நம்பி இறக்கிவிடாதீர்கள். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை முக நாய்கள் மூச்சுவிடத் தலையை அண்ணாந்து பிடிக்கும். உடனே பின்பக்கம் தாழ்ந்துவிடும். குட்டைக் கால் கோர்கியும் டாக்ஸ்ஹண்டும் சீக்கிரம் களைத்துப்போகும். இவற்றுக்கு ஜாக்கெட் கட்டாயம். தட்டை முகம் என்றால் மோவாயைத் தாங்கும் மிதவை உள்ளதாகத் தேடுங்கள்.

எடையை மட்டும் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. நாயை நிற்கவைத்து, முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அகலமான இடத்தைச் சுற்றி டேப்பால் அளவெடுங்கள், கழுத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் மார்பளவுதான் தீர்ப்பு. வாரை இறுக்கியபின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். பிறகு முதுகுக் கைப்பிடியைப் பிடித்து, வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, தரையிலிருந்து லேசாகத் தூக்குங்கள். ஜாக்கெட் காதுப் பக்கம் ஏறினால் தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் நாய் அதிலிருந்து நழுவிவிடும். அக்குளில் உரசினால் சீக்கிரமே தோல் சிவந்துவிடும். கரைக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், உள்ளே சூடு தேங்கும்.

முதல் தடவை முன்கால்களால் மட்டும் தண்ணீரை அடித்துத் தெறிக்கவிடும். இடுப்புக்கு அடியில் கை கொடுத்து உடம்பைக் கிடைமட்டமாக்கினால் பின்கால்களும் வேலை செய்யத் தொடங்கும். 5 நிமிடம் போதும், வெளியே கொண்டுவாருங்கள்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் காற்றடிக்கும் குளம் வேண்டாம், நகம் பட்டால் ஓட்டைதான். கெட்டி பிளாஸ்டிக் தொட்டியைக் குளியலறையில் வைத்து, அடியில் வழுக்காத பாய் விரித்து, நாயின் முழங்கை அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். முடிந்தவுடன் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். டெங்கி பரவும் ஊரில் தேங்கிய தொட்டி அபராதத்துக்கும் வழி.

வீசி எடுக்கும் விளையாட்டுக்கு டென்னிஸ் பந்தைவிடத் தட்டையான மிதக்கும் பொம்மை நல்லது. பந்தைக் கவ்வ வாயை அகலமாகத் திறக்கும், ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே போகும். அளவு மீறினால் உடம்பில் சோடியம் குறைந்து தள்ளாடும், வாந்தி எடுக்கும், வயிறு உப்பும், சோர்ந்துவிடும். அப்போது காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுப்பதே தடுப்பு. செந்தோசாவின் தஞ்சோங் கடற்கரைக்குப் போகிறீர்களா? குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். தாகத்துக்குக் கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரலாம். மணல் சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். 5 விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

வீடு திரும்பியதும் உப்போ குளோரினோ போக நல்ல தண்ணீரில் அலசுங்கள். தொங்கும் காதுள்ள ஸ்பேனியல் வகைகளுக்குக் காதுக்குள் ஈரம் நின்றால் பூஞ்சை வரும். மென்துணியால் ஒற்றுங்கள், பஞ்சுக் குச்சி வேண்டாம். கோல்டன் ரெட்ரீவர் போல அடர்ந்த ரோமம் என்றால் அடித்தோல்வரை உலர வேண்டும். இந்த ஈரக்காற்றில் தானாகக் காயாது, டிரையரைக் குளிர்க்காற்றில் வைத்து ஊதுங்கள்.

ஜாக்கெட்டையும் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். கொக்கிக்குள் மணல் மாட்டியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, அடுத்த முறை போடுமுன் பலமாக இழுத்துப் பாருங்கள்; விட்டுப்போகும் கொக்கியோடு தண்ணீரில் இறக்க வேண்டாம்.