ஷேர் திறக்கவில்லையா? 777 போடாதீர்கள்

லினக்ஸில் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸுடன் பகிரும் மென்பொருள்) நிறுவி, ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, விண்டோஸிலிருந்து திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது. புதிதாகச் செய்பவர்களில் பலர் அடுத்த நிமிடமே சிஎச்மாட் 777 அடித்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் கட்டளை அது. வருடக்கணக்காக இதே கதைதான். கேபிள் கழன்றது, பெயரைத் தப்பாக அடித்தது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

777 என்னும் குறுக்குவழி

உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் பயனரின் ஹோம் ஃபோல்டருக்கு அனுமதி 750, அதாவது உரிமையாளருக்கும் அவர் குரூப்புக்கும் வெளியே யாருக்கும் எதுவுமில்லை. அதற்குள் இருக்கும் ஃபோல்டருக்கு 777 கொடுத்தாலும் வேறு பயனரால் அதை எட்ட முடியாது. மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை, அதாவது எக்ஸ், இருக்க வேண்டும். இது தெரியாமல் ஹோம் முழுவதற்கும் 777 போடுவார்கள். ஷேர் திறந்துவிடும். மறுநாள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் அவர்களின் சாவியை ஏற்காது, ஏனென்றால் எல்லோரும் எழுதக்கூடிய ஹோமில் இருக்கும் சாவியை அது நம்புவதில்லை. அதே கட்டளையை எல்லாவற்றுக்கும் மேலான ரூட் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால், ஒரு நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவிடும் செட்யூஐடி பிட் அழிந்து, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவே நின்றுவிடும். முன்பு எந்தக் கோப்புக்கு என்ன அனுமதி இருந்தது என்ற முழுமையான குறிப்பு எங்கும் இல்லாததால், பேக்கப் இல்லையென்றால் மறுபடி நிறுவுவதுதான் வழி. ஒரு ஃபோல்டரைத் திறக்க இவ்வளவு விலையா?

சாம்பா இரண்டு இடங்களில் கேட்கிறது. முதலில் அதன் கான்ஃபிக் கோப்பில் அந்த ஷேருக்கு எழுதியிருக்கும் விதி. நீங்கள் மாற்றாதவரை அது ‘படிக்க மட்டும்’. அடுத்தது லினக்ஸின் கோப்பு அனுமதி. இரண்டும் சம்மதித்தால்தான் எழுத முடியும்.

எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க, லினக்ஸ் கணினியிலேயே சூடோ மூலம் அந்தப் பயனராக மாறி, ஃபோல்டரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். அங்கேயே மறுத்தால் கோளாறு லினக்ஸ் அனுமதியில். உருவானால் சாம்பா கான்ஃபிக்கைப் பாருங்கள். டெஸ்ட்பார்ம் கட்டளை அதன் எழுத்துப் பிழைகளையும் காட்டும். ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் தடுக்கலாம்.

சரியான வழி: ஷேரை ஹோமுக்குள் வைக்காமல் எஸ்ஆர்வி (/srv) ஃபோல்டரில் வையுங்கள். தனி குரூப் ஒன்றை உருவாக்கிப் பயனர்களைச் சேருங்கள். ஃபோல்டரை அந்தக் குரூப்புக்கு மாற்றி 2770 கொடுங்கள். 770 என்றால் உரிமையாளருக்கும் குரூப்புக்கும் மட்டும் முழு அனுமதி. முன்னாலிருக்கும் 2, புதிய கோப்புகளையும் அதே குரூப்பில் வைக்கும். கான்ஃபிக்கில் கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770 என்று எழுதுங்கள். புதிய கோப்புக்கும் ஃபோல்டருக்கும் அதிகபட்சம் எந்த அனுமதி என்பதை இவை சொல்கின்றன. கிரியேட் மாஸ்க் இயல்பாக 0744. அப்படியே விட்டால் ஒருவர் சேமித்ததை இன்னொருவர் திருத்த முடியாது.

லினக்ஸ் பாஸ்வேர்டு போதும் என்று நினைப்பது

சாம்பா தனியாக ஒரு பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கிறது. எஸ்எம்பி-பாஸ்வட் கட்டளையால் பயனரை அதில் சேர்க்காதவரை உள்ளே விடாது.

விண்டோஸ் ஷேருக்கு பின் நம்பர் கொடுப்பது

விண்டோஸில் நுழையப் போடும் பின் நம்பர் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் செல்லும். நெட்வொர்க்கில் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும்.

எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்குவது

கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு இது. வேண்டாம். 2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

ஒரே சர்வருக்குள் இரண்டு பயனர் பெயர்களில் நுழைவது

விண்டோஸில் பிழை 1219 வரும். நெட் யூஸ் கட்டளையால் பழைய இணைப்பை நீக்குங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ள பழைய பாஸ்வேர்டையும் அழியுங்கள்.

நெட்வொர்க் பட்டியலில் தெரியாததால் ஷேரே இல்லை என்று முடிவுகட்டுவது

பட்டியல் வேறு, இணைப்பு வேறு. இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபி முகவரியை நேராக அடியுங்கள். அப்போதும் 0x80070035 என்ற பிழை வந்தால் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான டிசிபி 445 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்புப் பெயர்கள்

லினக்ஸில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி உள்ள பெயர்கள் செல்லும், விண்டோஸில் செல்லாது. சாம்பா அவற்றை அலைக்குறியோடு சுருக்கிக் காட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு கோப்புகளில் ஒன்றைத்தான் விண்டோஸால் திறக்க முடியும். ஷேரில் போடும் முன்பே பெயரை மாற்றிவிடுங்கள்.