போராட்டக் களத்திலிருந்து தன்னார்வ ஒலிபரப்பு: அமைக்கும் முறையும் நடத்தும் முறையும்

ஒரு போராட்டத்தை ஒலிவழியே நேரலையாகத் தர விரும்பும் குழு முதலில் எந்த வழியில் ஒலிபரப்புவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய சமுதாய வானொலி, 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது என்றாலும், 100 வாட் ஆற்றலில் இயங்கும் அந்த நிலையங்கள் சொந்தமாக அரசியல் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இன்றுவரை அனுமதி இல்லை. தனியார் பண்பலைக்கும் இதே தடை உண்டு. உரிமம் இல்லாமல் சிறிய பண்பலைக் கருவியை இயக்குவது குற்றம் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. எஞ்சியிருப்பது இணைய ஒலிபரப்புதான். அதற்கும் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்கள் மீது சில கடமைகளைச் சுமத்துகின்றன. ஆகவே, ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைக் குழுவில் சேர்த்துக்கொண்டு, போராட்டம் நடைபெறும் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆவது பிரிவின்கீழ் (பழைய சட்டத்தில் 144) கூட்டம் கூடுவதற்குத் தடையாணை இருக்கிறதா என்பதையும் அவர் வழியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒலியை இணையம்வழி பலருக்கும் அனுப்பும் ஐஸ்காஸ்ட் என்னும் இலவச மென்பொருளை வாடகைச் சர்வர் ஒன்றில் நிறுவி, ஒலிபரப்பு அறையின் கணினியில் ‘பட்’ என்ற சிறு மென்பொருளின் மூலம் ஒலியை அதற்கு அனுப்பினால் போதும். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் ஒற்றைத் தட ஒலி (மோனோ) தாராளம்; அந்த அளவில் ஒரு மணி நேரம் கேட்பவருக்கு ஏறத்தாழ 29 எம்பி டேட்டா செலவாகும். இருநூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 12.8 எம்பிபிஎஸ் வேகம் தேவைப்படும் என்பதால், வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாகக் கேட்பவர்களுக்கு அனுப்ப முயலாமல் அந்தச் சுமையைச் சர்வரிடம் விட்டுவிட வேண்டும். இடைவெளியை நிரப்பத் திரைப்பாடல்களைப் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். களத்தின் பறையொலியும் முழக்கமும் இருக்கும்போது அவற்றுக்குத் தேவையும் இல்லை.

புதிதாகத் தொடங்கும் குழுக்களில் எல்லோரும் களத்துக்குப் போகவே ஆசைப்படுவார்கள். ஆனால் ஒலிபரப்பின் தரம் அமைதியான அறையில் மேசைக்கு முன் அமர்ந்திருப்பவர்களைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து. அந்த மேசையில் ஒரு நேரத்தில் மூவர் தேவை: பேசும் தொகுப்பாளர், அழைப்புகளை ஏற்றுச் சரிபார்ப்பவர், ஒவ்வொரு தகவலும் வந்த நேரத்தையும் சொன்னவரையும் குறிப்பேட்டில் எழுதுபவர். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை அதே பணியில் அமர்த்தினால் அவரது கவனம் தளரும். தளர்ந்த நேரத்தில்தான் வதந்தி உள்ளே நுழையும். இரவு முறைக்கு அனுபவம் மிக்கவர்களை ஒதுக்குவது அவசியம். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தத் தொடங்கியது 23-ஆம் தேதி அதிகாலையில். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் அகற்றப்பட்டது நள்ளிரவில். பகலெல்லாம் உற்சாகமாக ஒலிபரப்பிவிட்டு இரவில் உறங்கப் போகும் குழு, செய்தியின் மையப் பகுதியையே தவறவிடும்.

களத்துக்கு இருவர் இருவராகச் செல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் சுற்றுப்புறத்தைக் கவனிப்பார். கூட்டத்தின் நடுவில் நிற்காமல், வெளியேறப் பக்கத் தெரு ஒன்று இருக்கும் ஓரத்தில் நிற்பது பாதுகாப்பு. அங்கே ஒலியும் தெளிவாகக் கிடைக்கும். கடற்காற்று வீசும் இடங்களில் மைக்கிற்குப் பஞ்சு உறை இல்லாவிட்டால் பேச்சு இரைச்சலில் மூழ்கிவிடும். கேட்பவருக்குக் காட்சி இல்லை என்பதால், நிருபர் தாம் நிற்கும் இடம், நேரம், கண்ணால் கண்டது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் முதலில் சொல்ல வேண்டும். “பதற்றம் நிலவுகிறது” என்பதைக் கேட்டு எவருக்கும் எதுவும் புரியாது. “வள்ளுவர் கோட்டத்தின் வாயிலில் தடுப்புகளை இரண்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள்” என்றால் புரியும்.

சரிபார்ப்பில் கண்டிப்பு வேண்டும். இத்தாலியின் பொலோஞா நகரில் 1976-இல் தொடங்கிய ரேடியோ ஆலிச்சே, தெருவிலிருந்து தொலைபேசியில் அழைத்தவர்களை வடிகட்டாமல் அப்படியே ஒலிபரப்பியது. 1977 மார்ச்சில் மாணவர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மோதல்கள் வெடித்தபோது, அந்த நிலையம் மோதலை வழிநடத்தியதாகக் குற்றஞ்சாட்டிய காவல்துறை மார்ச் 12 அன்று உள்ளே புகுந்து அதை மூடியது. அதன் துணிச்சலை மதிக்கலாம். முறையைப் பின்பற்ற வேண்டியதில்லை. அழைப்புகளைப் பதிவுசெய்து, ஐந்து நிமிடமாவது தாமதித்து வெளியிடுவதும், காவல்துறை எந்தத் தெருவில் நகர்கிறது என்பதைக் கூட்டத்துக்கு வழிகாட்டுவதுபோல் சொல்லாமலிருப்பதும் குழுவைக் காக்கும். உயிரிழப்பு, காயம், கைது பற்றிய எண்ணிக்கையை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருவர் உறுதிப்படுத்தாமல் அறிவிக்கக் கூடாது. அரசின் விளக்கம் வந்தால் அதையும் முழுமையாக வாசிக்க வேண்டும்.

பேட்டி கொடுப்பவரிடம் பெயரையோ முகவரியையோ கேட்க வேண்டியதில்லை. ஆனால் பெயரை மறைத்தாலும் குரலை அறிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மைக்கை நீட்ட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு அந்த ஒரு நிமிடப் பேச்சு வேலையையே பறித்துவிடக்கூடும். அவர் தயங்கினால், அவர் சொன்னதைத் தொகுப்பாளர் தம் குரலில் சொல்லலாம்.

இணையம் துண்டிக்கப்படும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். தூத்துக்குடியில் 2018 மே 22-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. இத்தகைய ஆணைகள் பெரும்பாலும் டேட்டாவையே முடக்குகின்றன. சாதாரணத் தொலைபேசி அழைப்பு இயங்கக்கூடும். ஆகவே ஒலிபரப்பு மேசையைக் களத்திலிருந்து விலகி, இயன்றால் வேறொரு மாவட்டத்தில் அமைத்து, நிருபர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வழியே அதற்கு நேரடியாக அழைக்குமாறு ஏற்பாடு செய்ய வேண்டும். பெருங்கூட்டத்தில் தடையாணை இல்லாமலேயே நெட்வொர்க் திணறும். அப்போது குறுஞ்செய்தி கைகொடுக்கும். மேசையின் எண்களை நிருபர்கள் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் கைப்பேசியின் பேட்டரி தீர்ந்துபோகலாம், கைப்பேசியே பறிமுதல் செய்யப்படலாம்.

ஒலிபரப்பு முடிந்த அன்றிரவே மூலப் பதிவுகளை வெட்டாமல் இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். தூத்துக்குடி நிகழ்வை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் தன் இறுதி அறிக்கையை அளித்தது 2022-இல். இன்று எடுத்த பதிவு நான்கு ஆண்டுகள் கழித்துச் சாட்சியமாகத் தேவைப்படலாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு சிறிது மாற்றப்பட்டாலும் மாறிவிடும் அடையாள எண்) கேட்கிறது. அந்த மதிப்பைச் சேமிக்கும்போதே கணக்கிட்டு, பதிவு செய்த கருவி, நாள், நேரம், பதிவு செய்தவர் ஆகிய விவரங்களுடன் குறிப்பேட்டில் எழுதி, குறிப்பேட்டின் ஒரு படியை வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.