சிஎம்ஐ, ஐஎஸ்ஐ நுழைவுத் தேர்வு: நிரூபணம் எழுதப் பழகுவது எப்படி?

திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். கணக்கில் ஆசையோடு இருக்கும் பிள்ளை யாராவது கண்ணில் பட்டால், "சிஎம்ஐ, ஐஎஸ்ஐ கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்பேன். "இல்லை டீச்சர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். வீட்டில் இன்ஜினியரிங், மெடிக்கல் இரண்டைத்தான் பேசுகிறார்கள். அதனால் முதலில் இந்த இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சிஎம்ஐ என்பது சென்னைக் கணிதவியல் நிறுவனம். கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது, இப்போது சிறுசேரி சிப்காட்டில் இருக்கிறது. ஐஎஸ்ஐ என்பது புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். அதன் இளநிலைப் பட்டப்படிப்புகளில் பி.ஸ்டாட் (புள்ளியியல்) கொல்கத்தாவிலும், பி.மேத் (கணிதம்) பெங்களூரிலும் நடக்கின்றன. சேரும் இடங்கள் மிகக் குறைவு, எழுதுகிறவர்கள் நாடு முழுவதும் இருந்து வருகிறார்கள். ஆனால் பாடத்திட்டம் ப்ளஸ் டூ கணக்கைத் தாண்டுவதில்லை. பயப்படவேண்டியது பாடத்தை இல்லை, கேள்வி கேட்கும் விதத்தை.

அண்மை ஆண்டுகளின் அமைப்பு இது. ஐஎஸ்ஐயில் காலையில் 30 கொள்குறிக் கேள்விகள், மதியம் விரிவாக எழுதும் 8 கேள்விகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். சிஎம்ஐயில் முதல் பகுதிக்கு 40 மதிப்பெண், எழுதும் பகுதிக்கு 80. முதல் பகுதியில் குறிப்பிட்ட அளவு எடுத்தால்தான் எழுதியதைத் திருத்துவார்கள். ஐஎஸ்ஐயிலும் காலைத் தாள் அப்படி ஒரு வாசல்தான். ஆனால் ஒரு பிள்ளையின் தரம் தெரிவது எழுதும் தாளில். நம் பள்ளிகளில் பழக்கப்படுத்தாததும் அதுவேதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 11, 111, 1111 என்று ஒன்றுகளாலேயே போகும் வரிசையில் ஒரு எண்கூட வர்க்க எண் ஆகாது எனக் காட்டுக. நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட முதலில் என்ன செய்கிறது? கால்குலேட்டரில் 11, 111, 1111 மூன்றுக்கும் வர்க்கமூலம் போட்டுப் பார்த்து, "முழு எண் வரவில்லை, எனவே எதுவும் வர்க்க எண் இல்லை" என்று முடிக்கிறது. மூன்று எண்களைச் சோதித்தால் மூன்று எண்களைப் பற்றித்தான் தெரியும். வரிசையோ முடிவில்லாமல் போகிறது.

இப்போது இப்படி யோசியுங்கள். 100 என்பது 4ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே எந்த எண்ணையும் 4ஆல் வகுத்தால் வரும் மீதியைக் கடைசி இரண்டு இலக்கங்களே தீர்மானிக்கின்றன. நம் வரிசையில் எல்லா எண்களும் 11இல் முடிகின்றன, எனவே மீதி எப்போதும் 3. இரட்டை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 0, ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. மீதி 3 தரும் வர்க்க எண்ணே கிடையாது. முடிந்தது. இதில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் மட்டு எண்கணிதத்தைத் தாண்டி எதுவும் இல்லை. பொதுத் தேர்வுக்குப் படித்து மறந்துபோன அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். பதினொன்றாம் வகுப்பில் வரும் கணிதத் தொகுத்தறிதலும், பன்னிரண்டில் வரும் ரோலின் தேற்றமும் இப்படித்தான். சூத்திரம் மனப்பாடமாக இருக்கும், எதற்காக அந்த நிபந்தனைகள் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துவிட்டால் தேற்றம் எங்கே உடைகிறது என்று நீங்களே ஓர் உதாரணம் கண்டுபிடியுங்கள். அதற்குச் செலவாகும் நேரம் வீணாகாது.

கோடு போடாத லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கிறுக்கல், வலப்பக்கம் திருத்தமான நிரூபணம். ஒரு கணக்கு வரவில்லை என்றால் உடனே விடையைப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று நாள் மனதில் போட்டு வையுங்கள். சின்ன எண்களில் செய்து பாருங்கள், படம் வரையுங்கள், பஸ்ஸில் போகும்போது நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு நான்கைந்து கணக்கு இப்படிச் செய்தால் எனக்குப் போதும். ஒரு நாளைக்கு நூறு கொள்குறிக் கேள்வி போட வைக்கும் பயிற்சி வேறு தேர்வுகளுக்கு உதவலாம். ஒரே கணக்கோடு உட்கார்ந்திருக்கும் பொறுமையை அது தராது.

அப்புறம், எழுதியதை இன்னொருவர் படிக்கவேண்டும். என் மாலை வகுப்பில் பிள்ளைகள் நோட்டை மாற்றிக்கொள்வார்கள். படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்று கேட்கவேண்டும், எழுதியவர் தாளில் இருப்பதை மட்டும் காட்டிப் பதில் சொல்லவேண்டும். வாயால் விளக்கம் தர ஆரம்பித்தால் அந்த வரி தாளில் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். உடன் படிக்க யாரும் இல்லையென்றால் நோட்டை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு நீங்களே படியுங்கள்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குகிறார்கள். நிரூபணத்துக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். 'சப்போஸ்', 'சின்ஸ்', 'தேர்ஃபோர்', 'கான்ட்ரடிக்ஷன்' இவற்றை வைத்து இருபது முப்பது வாக்கியங்கள் பழகினால் பெரும்பாலான விடைகளை எழுதிவிடலாம். யோசிப்பது தமிழிலேயே இருக்கட்டும். கேள்வியைப் புரிந்துகொள்ளப் பழைய தாள்களையே படியுங்கள். இரண்டு நிறுவனங்களும் அவற்றைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. கடைசி மூன்று ஆண்டுத் தாள்களை மட்டும் தொடாமல் வைத்திருந்து, கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

ஐஎஸ்ஐ காலைத் தாளில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சரியான விடைக்கு 4, தவறுக்கு 0, விட்டுவிட்டால் 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பதும் 1தான், ஆகவே குருட்டுக் குறிப்பால் லாபமில்லை. ஒரு விடையையாவது காரணத்தோடு தள்ளமுடிந்தால் சராசரி ஒன்றேகாலைத் தாண்டும், அப்போது குறிக்கலாம். மதிப்பெண் முறை மாறக்கூடியது, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மதியத் தாளில் எட்டுக் கேள்விகளையும் முதலில் படித்துவிடுங்கள். எட்டிலும் பாதி பாதி எழுதுவதைவிட நான்கை ஓட்டையில்லாமல் எழுதுவதையே நான் விரும்புவேன். நேரம் மிச்சமிருந்தால், மற்றவற்றில் நிரூபித்த அளவை மட்டும் "இதுவரை வந்திருக்கிறது" என்று நேர்மையாக எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இரண்டு தேர்வுகளும் வழக்கமாக மே மாதம் வருகின்றன, விண்ணப்பமோ பொதுத் தேர்வு நெருக்கடியிலேயே திறந்துவிடும். பிள்ளை கவனிக்காது, நீங்கள் பார்த்து இரண்டுக்கும் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் புது வகுப்பு எதிலும் சேர்க்காதீர்கள். கடைசி வாரத்தில் அந்த நோட்டின் வலப்பக்கங்களைத் திரும்பப் படித்தால் போதும். தேர்வன்று மதிய இடைவேளையில் காலைத் தாளின் விடைகளைப் பற்றி நீங்களும் கேட்கவேண்டாம், மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் விடவேண்டாம். தயிர்சாதம் கொடுத்து, நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.