பாசே சேம்ப்ல்: மாங்கனிக் கதையைப் பிரெஞ்சில் எழுத ஓர் இறந்தகாலம்

ப்ளஸ் டூவிலும் கல்லூரியிலும் பிரெஞ்சு எடுத்தவர்கள் பேச்சில் வழங்கும் இறந்தகாலமான பாசே கொம்போசேயை வைத்தே இரண்டு வருடம் ஓட்டிவிடலாம். பிறகு ஒரு நாவலையோ சரித்திரப் புத்தகத்தையோ திறந்தால், முதல் பக்கத்திலேயே ‘ஃப்யூ’, ‘ஃபி’, ‘வேங்’ என்று முகம் தெரியாத வினைகள் வந்து நிற்கும். அவைதான் பாசே சேம்ப்ல். பேச்சில் இது வராது. கும்பகோணம் கடைத்தெருவில் ‘சென்றனன், கண்டனன்’ என்று பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ, பிரான்சில் இதைப் பேசினாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் கதையிலும் வரலாற்றிலும் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. காரைக்கால் பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் இதைத் தேடி ஏமாற வேண்டாம். ‘இன்னார் வந்தார், தெரிவித்தார்’ என்னும் அந்த வாசகங்கள் பெரும்பாலும் பாசே கொம்போசேயில்தான் இருக்கும்.

இங்கே பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். மூக்கொலிக்கு ‘ங்’, உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘இ’க்கு ‘யூ’. எழுத்துக்கூட்டு வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துப் பெயர்களைச் சொல்லியிருக்கிறோம். எழுத்தின் மேல் போடும் கூரைக்குறி ‘தொப்பி’.

முதலில் ஒரு சுமையை இறக்கி வையுங்கள். ஆறு இடங்களுக்கும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. கதையில் வருவது அவன், அவள், அது, அவர்கள். இந்தப் படர்க்கை இரண்டும் கைவந்தால் நாவலின் பெரும்பகுதி திறந்துவிடும். ‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்: ஒன்று எம்.ஈ.எஸ். என்று முடியும், மற்றது டி.ஈ.எஸ். என்று முடியும், இரண்டிலும் அதற்கு முந்தின உயிரெழுத்தின் மேல் தொப்பி இருக்கும் (‘வேங்’ வகையில் மட்டும் தொப்பிக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் என்.). 1990 எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் ஐ, யூ மேலிருந்த தொப்பியைக் கழற்றியது. இந்த இடத்தில் கை வைக்கவில்லை.

வினைகள் எல்லாம் நான்கு ஒலிக்குள் அடங்கும்: ஆ, இ, யூ, ஏங்.

ஈ.ஆர். என்று முடியும் வினைகள் ‘ஆ’ வகை. ஈ.ஆரை எடுத்துவிட்டு ஒருமைக்கு ஏ மட்டும் சேருங்கள்: ‘தொனே’ (கொடு) ‘தொனா’ ஆகும். பன்மைக்கு ஈ.ஆர்.ஈ.என்.டி. சேரும், முதல் ஈயின் மேல் இடமிருந்து கீழிறங்கும் கோடு: ‘தொனேர்’. விலக்கே கிடையாது. மற்றக் காலங்களில் படுத்தி எடுக்கும் ‘ஆலே’ (போ) கூட இங்கே சாதுவாக ‘ஆலா’ என்றுதான் வரும். தவறு நடப்பது எழுத்துக்கூட்டில். ‘மாங்ஜே’ (தின்) என்பதில் ஜி. எழுத்துக்குப் பிறகு ஈயை விட்டுவிட்டு ஏ போட்டால் ஒலி ‘மாங்கா’ ஆகிவிடும்; ஈயை வைத்துக்கொண்டு ஏ சேர்த்தால்தான் ‘மாங்ஜா’. அதேபோல் ‘கொமாங்சே’ (தொடங்கு) வினையில் சி. எழுத்தின் அடியில் வால் போடாவிட்டால் ‘கொமாங்கா’. இன்னொன்று: இந்த வகை ஒருமையில் கடைசியில் டி. கிடையாது. மற்ற மூன்று வகைகளிலும் இருப்பதால் கை தானாக இங்கும் எழுதும்.

‘ப்ரியே’ (வேண்டு, பிரார்த்தி) இந்த வகையில் ‘ப்ரியா’ ஆகும். தெருவுக்கு ஒரு ப்ரியா இருக்கும் ஊரில் இதை மறக்க வழியில்லை.

‘இ’ வகையில் ஒருமைக்கு ஐ.டி., பன்மைக்கு ஐ.ஆர்.ஈ.என்.டி. ‘பார்தீர்’ (புறப்படு) ‘பார்தி’ ஆகும். ‘ஃபினீர்’ (முடி) ‘ஃபினி’ ஆகும். ஆர்.ஈ. என்று முடியும் வழக்கமான வினைகளும் இங்கேதான். ‘வாங்த்ர்’ (வில்) என்பதன் இறந்தகாலம் ‘வாங்தி’. வியாபாரி சரக்கை ‘வாங்தி’ விட்டான் என்று படிக்கும்போது வகுப்பில் சிரிப்பு வரும். வரட்டும், ஒலி நிற்கும்.

சிக்கல் ஒழுங்கற்ற வினைகளில்தான், அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பார்த்திசிப் பாசே, அதாவது பாசே கொம்போசேயில் துணைவினைக்குப் பிறகு வரும் வடிவம், உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதன் கடைசி ஒலியைக் கேளுங்கள். ‘யூ’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதோடு டி. சேர்த்தால் வேலை முடிந்தது: ‘ல்யூ’ (படித்த), ‘ஸ்யூ’ (அறிந்த), ‘ரெஸ்யூ’ (பெற்ற), ‘வூல்யூ’ (விரும்பிய), ‘வேக்யூ’ (வாழ்ந்த) எல்லாம் இப்படித்தான். ஒலி மாறாது, ஓர் எழுத்துதான் கூடும். பன்மைக்கு யூ.ஆர்.ஈ.என்.டி. ‘இ’ என்று முடிந்தால் ‘இ’ வகை: ‘மி’ (வைத்த), ‘ப்ரி’ (எடுத்த) இரண்டிலும் கடைசி எஸ்ஸை எடுத்து டி. போடுங்கள்.

இந்த வழி காலை வாரும் இடங்கள் சில உண்டு. இவற்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம். பார்த்த என்பது ‘வ்யூ’, ஆனால் பார்த்தான் ‘வி’. விற்ற, பதில் சொன்ன, காத்திருந்த, அடித்த ஆகிய நான்கும் பார்த்திசிப்பில் ‘யூ’வில் முடிந்தாலும் இங்கே ‘இ’ வகைதான். எழுதினான் ‘ஏக்ரிவி’, கட்டினான் ‘கோங்ஸ்த்ருயிஸி’ என்று நடுவில் ஒரு மெய் முளைக்கும். செய்தான் ‘ஃபி’, இருந்தான் ‘ஃப்யூ’. செத்தான் ‘மூர்யூ’, பிறந்தான் ‘நாகி’. வா, பிடி என்னும் இரண்டும் அவற்றிலிருந்து கிளைத்த வினைகளும் ‘ஏங்’ வகை: ‘வேங்’, ‘தேங்’. பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் காரைக்காலைப் பெற்றார்கள் என்பதற்கு ‘ஒப்தேங்ர்’ என்று எழுதவேண்டும். அதுவும் ‘தேங்’கின் கிளைதான். பால் கறப்பதற்கான ‘த்ரேர்’ வினைக்கு இந்தக் காலமே கிடையாது. அட்டவணையில் அது காலியாக இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

படிக்கும்போது குழப்புபவை வேறு. ‘வி’ என்பது ‘பார்த்தான்’ ஆகலாம், ‘வாழ்கிறான்’ என்ற நிகழ்காலமும் ஆகலாம், எழுத்தும் ஒன்றே. ‘தி’ (சொல்), ‘ஃபினி’ (முடி) இரண்டிலும் இதே இரட்டை வேடம். பக்கத்து வினை எந்தக் காலம் என்று பார்ப்பதே வழி. ‘இல் ப்ல்யூ’ என்றால் மழை பெய்தது; அதே சொல் ‘பிடித்துப்போனது’ என்றும் வரும், ஐப்பசியில் இரண்டும் சரியே. ‘ஃப்யூ’வின் மேல் தொப்பி கண்டால் அது பாசே சேம்ப்ல் அல்ல, விருப்பம், ஐயம் போன்றவற்றோடு வரும் சப்ஜோங்க்திஃப் வடிவம். ஒருமையில் நீங்களாகத் தொப்பி போடாதீர்கள்.

இனி எதை இந்தக் காலத்தில் போடுவது, எதை ஏம்பார்ஃபேயில் (பின்னணியையும் வழக்கத்தையும் சொல்லும் இறந்தகாலத்தில்) போடுவது? தமிழில் ‘பெய்தது’ இரண்டு வேலையும் செய்வதால் நமக்கு இங்கேதான் தடுமாற்றம். தமிழ் வாக்கியத்தில் வினைக்கு முன்னால் ‘உடனே’ அல்லது ‘பிறகு’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பாசே சேம்ப்ல். ‘-கொண்டிருந்தது’ அல்லது ‘-வது வழக்கம்’ பொருந்தினால் ஏம்பார்ஃபே. மழை பெய்துகொண்டிருந்தது, அரசலாற்றுக் கரை உடைந்தது: முதல் வினை ‘ப்லேவே’, இரண்டாவது ‘சேதா’.

நீண்ட காலம் நடந்ததெல்லாம் ஏம்பார்ஃபே என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. ராஜராஜன் 985 முதல் 1014 வரை ஆண்டான். ஏறத்தாழ முப்பது வருடமானாலும் தொடக்கமும் முடிவும் சொல்லிவிட்டதால் ‘ரேஞா’ என்று பாசே சேம்ப்லில்தான் வரும். கால அளவு நீளமா குட்டையா என்பதல்ல கேள்வி, வேலி போட்டாயிற்றா என்பதே. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதற்கு ‘ஃப்யூ’ போட்டுப் பார்த்திசிப்பைச் சேருங்கள். தமிழில் ‘-பட்டது’ வரும் இடத்துக்கு வரலாற்று நூல்களில் ஓயாமல் வருவது இதுதான்.

பயிற்சிக்கு ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலே கொண்டாடும் காரைக்கால் அம்மையாரின் மாங்கனிக் கதையை எடுத்துக்கொள்ளலாம்; புனிதவதி அவர் இயற்பெயர். புனிதவதியிடம் இரண்டு மாம்பழம் இருந்தது: பின்னணி, எனவே ‘ஆவே’. ஓர் அடியார் நுழைந்தார் ‘ஆங்த்ரா’. ஒன்றைக் கொடுத்தாள் ‘தொனா’. அவர் தின்றார் ‘மாங்ஜா’, போனார் ‘பார்தி’. கணவன் வந்தான் ‘வேங்’. மீதிப் பழத்தைத் தின்று இன்னொன்று கேட்டான் ‘தமாங்தா’. அவள் வேண்டினாள் ‘ப்ரியா’. பழம் தோன்றியது ‘அபார்யூ’. பழம் ருசியாக இருந்தது: இதற்கு ‘உடனே’ பொருந்தாது, ஆகவே ‘ஏதே’. அவன் நம்பவில்லை என்பதை ‘க்ர்யூ’வை எதிர்மறையாக்கி எழுதவேண்டும். இன்னொரு பழம் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது ‘திஸ்பார்யூ’. பின்னால் ஒருநாள் அவன் கப்பலேறினான்: கடலை ‘ப்ரி’.

கணவன் பேசும் வரிகளில் கவனம் தேவை. ‘கேட்டான்’ என்பதைப் பேச்சுக்குப் பின்னால் போட்டால் எழுவாயும் வினையும் இடம் மாறும், ‘தமாங்தா’வில் டி. இல்லாததால் இரண்டு உயிர் முட்டாமலிருக்க நடுவில் ஒரு டி.யை இரண்டு சிறு கோடுகளுக்கிடையே செருகி ‘தமாங்தா-தில்’ என்று எழுதுவார்கள். ‘பதில் சொன்னாள்’ என்பதில் டி. ஏற்கெனவே இருப்பதால் ஒரு கோடு போதும்: ‘ரேபோங்தி-தெல்’. மேற்கோள் குறிக்குள் ‘இந்தப் பழத்தை யார் கொடுத்தது?’ என்று அவன் கேட்பது மட்டும் பாசே கொம்போசேயில் இருக்கட்டும். அங்கே ‘தொனா’ போட்டால், மனைவியிடம் மாம்பழம் பற்றிக் கேட்கிறவன் செய்யுளில் கேட்பதுபோல் ஆகிவிடும்.