பவுன்ட்டி ஹன்டர் காமிக்ஸ் வரையணுமா? வேலூர்ல இருந்துகினே வரையலாம்

வெஸ்டர்ன், அதாவது பழைய அமெரிக்க கௌபாய் கதை, அதுலயும் தலைக்கு விலை வெச்ச குற்றவாளிய புடிச்சி குடுத்து காசு வாங்குற பவுன்ட்டி ஹன்டர் கதை வரையணும்னு ஆசை இருக்கும், ஆனா அமெரிக்காவுல இருக்கிற அரிசோனாவ கண்ணால பாக்காம எப்படின்னு சில பேர் பேனாவ மூடி வெச்சிடுறாங்க, அதுவும் வேலூர்ல உக்காந்துகினு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு நம்ம ஊர நாமளே கிண்டல் பண்ணிப்போமே, அந்த ரெண்டும் போதும், பக்கத்துல இருக்கிற கட்டங்கள்ல, அதாவது பேனல்ல, பாதி ரொம்பிடும். மீதி பாதி என்னன்னு சொல்றேன்.

முதல்ல கதை. துப்பாக்கிய கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு காச பத்தி யோசிங்க. பவுன்ட்டி ஹன்டர்னா போஸ்டர கிழிச்சி பாக்கெட்ல வெச்சிகினு போய் சுட்டுட்டு அடுத்த பேனல்லயே பண மூட்டைய வாங்குறவன்னு தான் எல்லாரும் வரையறாங்க. நிஜத்துல பணம் கைக்கு வர்றது தான் பெரும்பாடு. பில்லி த கிட்ங்கற குற்றவாளி தலைக்கு நியூ மெக்சிகோ கவர்னர் 500 டாலர் அறிவிச்சாரு, 1881 ஜூலைல பேட் காரெட்ங்கற ஷெரீஃப் அவன சுட்டுட்டாரு, ஆனா அந்த பணத்துக்கு அவரு அடுத்த வருஷம் சட்டசபை தீர்மானம் போடுற வரைக்கும் அலைஞ்சாரு. ஜெஸ்ஸி ஜேம்ஸ்ங்கற கொள்ளைக்காரன 1882 ஏப்ரல்ல சுட்ட ஃபோர்ட்ங்கறவன் கதை இன்னும் மோசம், அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் கொலை கேஸ்ல தூக்குன்னு தீர்ப்பாகி அன்னைக்கே கவர்னர் மன்னிச்சி விட்டாரு, அறிவிச்ச பரிசுல கொஞ்சூண்டு தான் கைக்கு வந்துச்சு. உங்க ஹீரோ பொணத்த குதிரை மேல போட்டுகினு ஷெரீஃப் ஆபீஸ் வாசல்ல நிக்கிறான், ஷெரீஃப் "இது அவன் தான்னு யாருங்க சாட்சி?"ன்னு கேக்குறான், வெயில்ல பொணம் நாற ஆரம்பிக்குது. எட்டு பக்கத்துக்கு இது போதும், சண்டையே வேணாம்.

பவுன்ட்டி ஹன்டர் கதைக்கு இன்னொரு வழியும் இருக்கு. ஜாமீன் எடுத்து குடுத்தவன் தன் ஆள அனுப்பி ஓடிப்போனவன புடிச்சிகினு வரலாம், வேற மாநிலத்துக்கே போய் புடிக்கலாம், வீட்டுக்குள்ள பூந்தும் புடிக்கலாம்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு டெய்லர் - டெய்ன்டர் கேஸ்ல 1872லயே சொல்லிடுச்சி. தவணை கட்டாத வண்டிய தூக்க ராத்திரில வர்ற சீஸிங் பசங்க மாதிரின்னு வெச்சிக்குங்க, அந்த பசங்களோட மூஞ்சி, அந்த அலட்சியம், வண்டிக்காரன் கெஞ்சுறப்போ வேற பக்கம் பாக்குறது, அதெல்லாம் நமக்கு நல்லா தெரியுமே.

சரி, இடம். கதைய அரிசோனால கொச்சீஸ் கவுன்ட்டில (கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) வைங்க, டூம்ஸ்டோன் ஊரு இருக்கிற ஏரியா. ஏன்னா அங்க டெக்சஸ் கேன்யன்னு ஒரு இடம் இருக்கு, உருண்டை உருண்டையா கிரானைட் பாறை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும், நம்ம வேலூர் மலை மேல இருக்கிறதுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் கிடையாது. அதனால சினிமால வர்ற தட்டை தலை மலைங்கள காப்பி அடிக்க வேணாம், காலைல ஒரு ஏழு மணிக்கும் மத்தியானம் ஒரு மணிக்கும் ரெண்டு தடவ அதே பாறைய பாத்து நிழல மட்டும் வரைஞ்சி பழகுங்க. மத்தியான நிழல் தான் முக்கியம், சூரியன் உச்சில இருக்கிறப்போ தொப்பி விளிம்பு கண்ண மொத்தமா கருப்பாக்கிடும், வாயும் தாடையும் மட்டும் வெளிச்சத்துல நிக்கும். பாதி கதாபாத்திரம் அதுலயே வந்துடுது.

செடி கொடிக்கும் தூரம் போக வேணாம். பாலாத்து ஓரம் வேலிகாத்தான் முள்ளு மண்டி கெடக்குதே, அது அங்க இருக்கிற மெஸ்கீட்ங்கற முள்ளு மரத்துக்கு பங்காளி தான், சப்பாத்திக் கள்ளியும் அந்த பக்கத்துல இருந்து வந்தது தான். பனைமரம் மட்டும் பழக்க தோஷத்துல உள்ள வந்துடும், பாத்துக்குங்க. கை தூக்கின மாதிரி நிக்கிற பெரிய கள்ளி சோனோரா பாலைவனத்துல தான் வளரும், டெக்சஸ் மாநிலத்துல நடக்கிற கதைல அத நட்டீங்கன்னா தெரிஞ்சவன் சிரிப்பான்.

தோலுக்கு நம்மள விட்டா யாரு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாராவது தெரிஞ்சவங்க இருந்தா வெட்டி போட்ட துண்டு தோல் கொஞ்சம் வாங்கி வந்து டேபிள்ல வெச்சிக்குங்க. மடக்கி பாருங்க, மடங்குற இடத்துல வெளிறி பொடி பொடியா கோடு விழும், கை படுற ஓரம் கறுத்து பளபளன்னு ஆயிடும். ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), சேணம், பெல்ட் எல்லாத்துக்கும் அந்த ரெண்டே விஷயம் தான், மொழுமொழுன்னு வரைஞ்சா பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும்.

ஓட்டத்துக்கும் புழுதிக்கும் தை மாசம் சுத்துப்பட்டு ஊர்ல நடக்கிற காளை விடும் விழாவுக்கு போங்க. குளம்பு பட்ட இடத்துல மண்ணு பின்பக்கமா தான் தெறிக்குது, புழுதி மேல ஏறாம தரையோட கொஞ்ச நேரம் நிக்குது, கூட்டம் ரெண்டு பக்கமும் விலகுறப்போ எல்லா உடம்பும் ஒரே பக்கம் சாயுது. ஆனா மாட்ட பாத்து குதிரை கால் வரையாதீங்க, குளம்பே வேற, மாட்டுக்கு பிளவு குளம்பு, குதிரைக்கு ஒத்த குளம்பு.

துப்பாக்கில ரெண்டு விஷயம். 1873 கோல்ட் ரிவால்வர்ல ஆறு குண்டு போடலாம், ஆனா கீழ விழுந்தா தானா வெடிச்சிடும்னு சுத்தியலுக்கு அடியில ஒரு அறைய காலியா விட்டு அஞ்சு போட்டு தான் நெறைய பேர் வெச்சிருந்தாங்க. அஞ்சாவது தோட்டா முடிஞ்சதும் எதிராளி எந்திரிச்சி வர்றான்னு ஒரு சீன் தானா கெடைக்குதே. அப்புறம் புகை, அப்போ கருமருந்து தான், நாலு தடவ சுட்டா ரூமே வெள்ளையா மூடிக்கும். அந்த வெள்ளைய வரையாம பேப்பர அப்படியே விடுங்க, சுத்தி கருப்பு அடிங்க. புழுதிக்கு பிரஷ்ல மைய பழைய துணில துடைச்சிட்டு காஞ்ச பிரஷ்ஷால இழுங்க.

தமிழ்ல போடுறவங்க சொதப்புற இடம் பலூன் தான், வசனம் எழுதுற அந்த வட்டம். நம்ம வார்த்தைங்க நீளம், கொம்பும் காலும் சேந்து இன்னும் அகலமாகும், படம் வரைஞ்சி முடிச்சிட்டு எழுத்த திணிச்சா மூஞ்சி மேல ஏறிடும். பென்சில் ஸ்டேஜ்லயே வசனத்த எழுதி இடம் விட்டுட்டு அப்புறம் ஆள வரைங்க. ஒரு பலூனுக்கு பத்து வார்த்தைக்கு மேல வேணாம். வசனம் சாதா பேச்சுல இருக்கட்டும், "அடேய் கயவனே" வேணாம், அதுக்குன்னு டூம்ஸ்டோன்காரன் "இன்னாபா கீற"ன்னு கேட்டாலும் மொத்த மூடும் போயிடும். டுமீல் மட்டும் டுமீலாவே இருக்கட்டும், அத மாத்த எனக்கு மனசு வராது.

ஸ்கேன் கருப்பு கோட்டு படத்துக்கு 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி) வைங்க. பின் அடிக்கிற புக்குன்னா பக்கம் நாலோட மடங்குல வரணும், எட்டு இல்ல பன்னெண்டு. பிரஸ்ஸுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்த அச்சு சைஸுக்கு சுருக்கி ஜெராக்ஸ் போட்டு பாருங்க, நெருக்கமா போட்ட கோடெல்லாம் ஒட்டிகினு கருப்பு திட்டா ஆயிருந்துச்சின்னா அந்த இடத்த மட்டும் கோட்ட கம்மி பண்ணி திரும்ப வரைஞ்சிடுங்க.