ஓப்பன் பார்டர் விவாதத்துல இறங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

நாட்டோட எல்லையைத் திறந்து விட்டு யார் வேணாலும் வந்து தங்கலாமாங்கற இந்தப் பேச்சு ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துலயே ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்கு சண்டை போட்டுட்டு இருப்பாங்க, ஒருத்தர் இனிமே யாரை உள்ள விடணும்னு கேப்பாரு, இன்னொருத்தர் இருபது வருஷமா உள்ளயே வேலை பாத்துட்டு இருக்கற குடும்பத்தைப் பத்தி பேசுவாரு. அதனால மொதல்ல விஷயத்தை மூணா பிரிச்சுக்கோங்க: யாரை உள்ள விடறது, பேப்பர் (முறையான அனுமதி) இல்லாம ஏற்கனவே தங்கியிருக்கறவங்களை என்ன பண்றது, அவங்க இருக்கற வரைக்கும் அவங்களுக்கு என்ன உரிமை. எல்லைல கண்டிப்பு வேணும்னு சொல்றவரு மூணாவது கேள்வில தாராளமா இருக்கலாம், அதுல ஒரு முரண்பாடும் கிடையாது.

அடுத்து சட்டத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. 1948 மனித உரிமைப் பிரகடனம் 13-வது பிரிவு, எந்த நாட்டை விட்டும் வெளிய போகவும் சொந்த நாட்டுக்குத் திரும்பி வரவும் உரிமை இருக்குன்னு சொல்லுது, ஆனா இன்னொரு நாட்டுக்குள்ள போற உரிமையைப் பத்தி ஒண்ணும் சொல்லல. வெளிய போகலாம் ஆனா எங்கயும் போய் இறங்க முடியாதுன்னா அந்த உரிமைக்கு என்ன அர்த்தம்? ஓப்பன் பார்டர் கேக்கறவங்களோட வாதத்துக்கு இது ஒரு முக்கியமான அஸ்திவாரம். 14-வது பிரிவு, துன்புறுத்தலுக்குப் பயந்து வர்றவங்க தஞ்சம் கேக்கலாம்னு சொல்லுது. 1951 அகதிகள் ஒப்பந்தமும் உயிராபத்துல இருந்து நேரா ஓடி வந்து உடனே அதிகாரிங்ககிட்ட போய் நிக்கற அகதியை அனுமதி இல்லாம நுழைஞ்சதுக்காக தண்டிக்கக் கூடாதுன்னு 31-வது பிரிவுலயும், ஆபத்து இருக்கற இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 33-லயும் சொல்லுது. எல்லா நாடும் இதுல கையெழுத்துப் போடல, அதனால எந்த நாட்டைப் பத்திப் பேசறோம்னு கேட்டுட்டுப் பேசுங்க.

“சட்டவிரோதமா வந்தவன்”னு ஒரே வார்த்தைல அடைக்காதீங்க. முறையா விசா வாங்கி உள்ள வந்து அது முடிஞ்சும் தங்கிட்டவங்களும் அதுல இருக்காங்க, எல்லைல எவ்வளவு உயரத்துக்கு சுவர் கட்டினாலும் அவங்களை அது தடுக்காது.

எல்லையைத் திறக்கறதுன்னா எதிராளி எதைச் சொல்றாருன்னும் கேளுங்க. ஐரோப்பிய நாடுகளுக்கு நடுவுல போட்ட ஷெங்கன் ஒப்பந்தம் 1985-ல கையெழுத்தாகி 1995-ல நடைமுறைக்கு வந்தப்போ உள் எல்லைகள்ல சோதனையை எடுத்தாங்க, ஆனா வெளி எல்லைல கட்டுப்பாடு இருக்கு. முழுசா திறக்கறதுக்கும் முழுசா மூடறதுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு.

சம்பளம் குறையும்னு யாராவது சொன்னா உடனே பொய்னு சொல்லிடாதீங்க. 1980-ல கியூபால இருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் படகுல வந்தாங்க, அதுல நிறைய பேர் மயாமிலயே தங்கினாங்க. அங்க சம்பளம் பெருசா அடிவாங்கலன்னு பொருளாதார நிபுணர் டேவிட் கார்ட் சொன்னாரு, அதே சம்பவத்தைத் திரும்ப ஆராய்ஞ்ச இன்னொரு நிபுணர் ஜார்ஜ் போர்ஹாஸ் பள்ளிப் படிப்பை முடிக்காதவங்களுக்கு நல்லா குறைஞ்சதுன்னாரு, பொருளாதார நிபுணர்ங்க இன்னும் இதுல ஒத்துப்போகல. ரெண்டையும் சொல்லுங்க, ஒண்ண மட்டும் சொன்னா நம்ம மேல இருக்கற நம்பிக்கை போயிடும். பொது மன்னிப்பு விஷயமும் அப்படித்தான், 1986 சட்டத்துல அமெரிக்கா சுமார் 27 லட்சம் பேருக்கு சட்டபூர்வ அந்தஸ்து குடுத்துச்சு, அதுக்கப்புறமும் பேப்பர் இல்லாதவங்க எண்ணிக்கை ஏறுச்சு, எதிர்க்கறவங்க அதைத்தான் காட்டுவாங்க. ஆனா எல்லைல கெடுபிடி ஏற ஏற, முன்னாடி சீசனுக்கு வந்துட்டு ஊருக்குத் திரும்பினவங்க மறுபடி வர முடியாதுன்னு பயந்து அங்கயே தங்கிட்டாங்கங்கறதும் உண்மை, அதையும் எடுத்து வைங்க.

அவங்களுக்கு என்ன உரிமைங்கற மூணாவது கேள்விக்கு வரும்போது நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன், நீங்களும் விடாதீங்க. வேலை வாங்கிட்டு சம்பளம் குடுக்காத முதலாளி மேல புகார் குடுக்கப் போனா நம்மளையே நாடு கடத்திடுவாங்கன்னு பேப்பர் இல்லாத ஒருத்தன் பயந்தான்னா, அவனை அடிமாட்டு விலைக்கு வேலை வாங்கலாம், அப்புறம் பக்கத்துல நிக்கற குடிமகனோட சம்பளமும் தானா இறங்கும். குடியேற்றம் வேண்டாம்னு சொல்றவருகிட்ட இதைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, அவரும் யோசிப்பாரு. பேப்பர் இல்லாத குழந்தைங்கன்னு அரசுப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மறுக்கக் கூடாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லயே சொல்லிடுச்சு, அம்மா அப்பா முடிவுக்குக் குழந்தை எதுக்குத் தண்டனை அனுபவிக்கணும்?

கடைசியா ஒண்ணு, வாதத்துல ஜெயிக்கறதுக்காக உங்களுக்குத் தெரிஞ்ச யாரோட கதையையும் பேர், ஊர், வேலை செய்யற இடத்தோட எடுத்து விடாதீங்க, கேட்டுட்டு இருக்கறவங்கள்ல யாரு போய் காட்டிக்குடுப்பாங்கன்னு நமக்குத் தெரியாது.